ஏழெட்டு எவ்வளவு? செல்போனைத் தேடும் அப்பாக்கள்... வட்டிக் கணக்கில் கோட்டை விடும் குடும்பங்கள்!

ஆர்.கே.பேட்டை:

"ஏழெட்டு எவ்வளவுப்பா?" என்று பிள்ளை வீட்டுப்பாட நோட்டோடு வந்து நின்றால், பல அப்பாக்களின் கை முதலில் தேடுவது செல்போனைத்தான். பிரம்படிக்கு பயந்து 16-ம் வாய்ப்பாடு வரை கடகடவென ஒப்பித்தவர்தான் அவரும். பள்ளிக்கூடத்தை விட்டு 20 வருஷம் ஆனதும் எல்லாம் அம்பேல்!

சிரித்து விட்டுப் போகிற விஷயம் இல்லை இது. மறந்து போன கணக்குக்கு மாசா மாசம் காசு கட்டிக் கொண்டிருக்கிறார்கள் பலர்.

தறியில் புலி, தாளில் எலி

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தறி ஓட்டுபவர்களுக்கு மனக்கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. சேலைக்கு இத்தனை கூலி, வாரத்துக்கு இத்தனை சேலை, முன்பணம் கழிச்சா மிச்சம் எவ்வளவு என்பதை நொடியில் சொல்லி விடுவார்கள். அதே கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தால் தலையைச் சொறிவார்கள்.

உலகம் முழுக்க இதே கதைதான். பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர்களைப் பற்றி 1985-ல் ஒரு ஆய்வு வெளியானது. கடையில் நின்றபோது கிட்டத்தட்ட எல்லா கணக்கையும் சரியாகச் சொன்ன அந்தப் பசங்க, அதையே வெறும் எண்ணாகக் கொடுத்தபோது பாதிகூட தேறவில்லை.

திருத்தணி வட்டாரத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. இந்தப் பகுதி ஆந்திராவில் இருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1960-ல்தான். அதற்கு முன் பள்ளிக்குப் போன பெரியவர்களில் தெலுங்கில் வாய்ப்பாடு படித்தவர்களும் உண்டு. எந்த மொழியில் படித்தாலும், தினமும் புழங்குகிற கணக்கு மறப்பதில்லை. புழங்காத சதவீதமும் வட்டியும்தான் முதலில் மறந்து போகிறது. ஏமாறுவதும் அங்கேதான்.

நீங்க பாஸா?

செல்போனைக் கீழே வைத்துவிட்டு இந்த மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

1. ஆயிரம் ரூபாய் சேலையின் விலையை 20 சதவீதம் ஏற்றிவிட்டு, ஆடிக்கு 20 சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள். விலை என்ன?

2. தண்டலில் 10,000 ரூபாய் கடன். 1,500 ரூபாய் பிடித்தம் போக கையில் 8,500. தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி எவ்வளவு?

3. 12,000 ரூபாய் கடன், வருஷத்துக்கு 12 சதவீத வட்டி. மாசம் 1,120 வீதம் 12 மாசம். நியாயமான கணக்கா?

விடை இதோ

முதல் கணக்கில் 1,000 என்று சொன்னால் பெயில். ஏற்றிய விலை 1,200. அதில் 20 சதவீதம் 240. விலை 960 ரூபாய். உண்மையான தள்ளுபடி வெறும் 40 ரூபாய்!

இரண்டாவதில் 15 சதவீதம் என்பார்கள் பலர். ஆனால் தினமும் கட்டிக்கொண்டே வருவதால் 8,500 ரூபாய் முழுசாக 100 நாளும் கையில் இருப்பதில்லை. சராசரியாகப் பாதிதான், சுமார் 4,250. அதற்கு 100 நாளில் 1,500 வட்டி. வருஷக் கணக்கில் பார்த்தால் 100 சதவீதத்தையும் தாண்டுகிறது.

மூன்றாவதில் மொத்தம் கட்டுவது 13,440. வட்டி 1,440. மாசம் 1,000 வீதம் அசலைக் குறைத்து, மிச்ச அசலுக்கு மட்டும் 1 சதவீத வட்டி போட்டால் மொத்த வட்டி 780 ரூபாய்தான். கேட்க ஒரே 12 சதவீதம், கட்டுவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

கந்துவட்டிக்கு எதிராக தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வட்டி எவ்வளவு என்று தனக்கே தெரியாதவர் போலீசில் போய் என்ன புகார் கொடுப்பார்?

96 வயதில் 98 மார்க்

மறுபடி படிக்க வழி இருக்கிறது. 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2027 வரை நடக்கிறது. தேர்வுக்கு 150 மார்க். அதில் 50 மார்க் எண்ணறிவுக்கு. பத்தாம் வகுப்பு தரத்தில் நடக்கும் குரூப்-4 தேர்விலும் 200 கேள்வியில் 25 கணக்குதான். வேலைக்காக அதைப் புரட்டுகிறவர்கள், தனிவட்டியையும் கூட்டுவட்டியையும் மறுபடி முதலில் இருந்து படிக்கிறார்கள்.

வயசாயிடுச்சு என்று ஒதுங்க வேண்டாம். கேரளாவின் கார்த்தியாயினி அம்மா 2018-ல், 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 வாங்கினார்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கும் ஒரு கணக்கு போதும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், தவணைத் தொகையை எத்தனை தவணையோ அத்தனையால் பெருக்குங்கள். கையில் வாங்குகிற பணத்தை அதில் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் வட்டி. ஒரு பெருக்கல், ஒரு கழித்தல். மூன்றாம் வகுப்பு கணக்கு!