கட்டுத்தறி: ‘வீட்டுக்காரம்மா போன பிறகு மாடு பாலை அடக்குது!’

வழக்கமாக இந்தப் பகுதியில் ஐந்தாறு கேள்விகளுக்குப் பதில் சொல்வேன். இந்த முறை ஒரே ஒரு கடிதம்தான். ஆட்டுக்குட்டிக் கழிச்சலைப் பற்றியும், சினை நிற்காத எருமையைப் பற்றியும் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த இதழில் கட்டாயம் எழுதுகிறேன்.

‘‘எனக்கு 64 வயது. கோபிசெட்டிபாளையம் பக்கம் மூன்று ஏக்கர் தோட்டம், இரண்டு கலப்பினக் கறவை மாடுகள். தோட்டத்து வேலை என்னுடையது. கட்டுத்தரை வேலை முழுக்க வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டார். 38 வருஷம் அப்படித்தான் ஓடியது. போன ஐப்பசியில் அவர் தவறிவிட்டார். இப்போது நான் கறக்க உட்கார்ந்தால் மாடு பாலை அடக்கிக்கொள்கிறது. வேளைக்கு 6 லிட்டர் கொடுத்த மாடு 3 லிட்டர்கூட விடுவதில்லை. சொசைட்டியில் ஃபேட் குறைவு என்கிறார்கள். ஒருவர் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார். இன்னொருவர், அவர் சேலையைப் போர்த்திக்கொண்டு கறந்து பார் என்கிறார். மகள் இரண்டையும் விற்றுவிட்டு பெங்களூருக்கு வந்துவிடச் சொல்கிறாள். எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. விடிவதற்கு முன்பே எழுந்துபோய்க் கட்டுத்தரையில் உட்கார்ந்துவிடுகிறேன். எதற்கு எழுந்தேன் என்றே தெரிவதில்லை. மாட்டை வைத்துக்கொள்வதா, விற்பதா?’’

- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஈரோடு மாவட்டம்.

ஐயா, முதலில் மாட்டைப் பற்றிப் பேசிவிடலாம். உங்களுக்கும் அது சுலபம், எனக்கும் சுலபம்.

மடியில் பால் ஊறியிருப்பது வேறு, அதை மாடு இறக்கி விடுவது வேறு. கன்று முட்டும்போது, மடியைக் கழுவும்போது, தீவன வாளிச் சத்தம் கேட்கும்போது மாட்டின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்குகிறது. ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் அது மடிக்கு வந்து சேர, காம்பு விறைத்துப் பால் இறங்கும். இதன் வேகம் ஐந்து முதல் ஏழு நிமிஷம்தான். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். மாடு பயந்தாலோ, புது ஆளைப் பார்த்து மிரண்டாலோ அட்ரினலின் சுரந்து இந்த வேலையைத் தடுத்துவிடும். நாம் ‘மாடு அடக்குது’ என்கிறோம். அது வேண்டுமென்று செய்வதில்லை.

ஃபேட் குறைவதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். கறவையில் கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். உங்கள் மாடு அதை மடியிலேயே நிறுத்திக்கொள்கிறது. தண்ணீர் ஊற்றிவிட்டீர்களோ என்று சொசைட்டியில் யாராவது ஜாடை பேசியிருந்தால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த ஊசி வேண்டவே வேண்டாம். அவர்கள் சொல்வது ஆக்ஸிடோசின் ஊசியாகத்தான் இருக்கும். தினம் போட்டுப் பழக்கினால் பிறகு ஊசி இல்லாமல் மாடு இறக்காது. மாட்டின் உடம்பு கெடும்படி பாலுக்காக ஊசி போடுவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், நான்கு மாதமாக மிரண்டு கிடக்கும் மாட்டுக்கு வேளைக்கு ஒரு ஊசிக் குத்து எதற்கு?

சேலை விஷயத்துக்கு வருகிறேன். அந்த வரியை நீங்கள் ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறீர்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போன சமயத்தில் அவர் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கறந்த ஆண்களை நானே பார்த்திருக்கிறேன். மாடு ஆளை வாசனையால், குரலால், தொடும் கையால் அடையாளம் வைத்திருக்கிறது. அவர் கட்டுத்தரை வேலைக்கென்று கட்டிய பழைய சேலை துவைக்காமல் இருந்தால் போர்த்திக்கொண்டு கறந்து பாருங்கள். சில நாளைக்கு உதவும். ஆனால், வாசனை போய்விடும். நாள்தோறும் சாணமும் பாலும் பட்டால் துவைக்கத்தான் வேண்டிவரும். அதற்குள் மாட்டுக்கு உங்கள் கை பழகியிருக்க வேண்டும். துவைக்க மனம் வராது என்று தோன்றினால் அந்தச் சேலையைத் தொடாதீர்கள், பெட்டியிலேயே இருக்கட்டும். சேலை இல்லாமலும் மாட்டைப் பழக்கலாம். கொஞ்ச நாள் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

எப்படிப் பழக்குவது? அவர் செய்த வரிசையை அப்படியே செய்ய வேண்டும். அவர் முதலில் சாணம் அள்ளினாரா, தீவனம் வைத்தாரா? எந்தப் பக்கம் உட்கார்ந்தார்? என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்? நீங்கள் அந்த நேரத்தில் மடை மாற்றப் போயிருப்பீர்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெண்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதே நேரம், அதே வரிசை, அதே வாளி. முதல் வாரம் கறக்கும் நேரத்தில் மட்டும் போகாமல், தண்ணி காட்டவும் தட்டு போடவும் நீங்களே போங்கள். கழுத்தடியில் சொறிந்து விடுங்கள். கன்றை ஒரு நிமிஷம் ஊட்ட விட்டு, மாட்டின் கண்ணெதிரே கட்டுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மண்வெட்டி பிடித்த கை, காய்ப்பு இருக்கும். கையில் துளி எண்ணெய் தடவிக்கொள்ளலாம். கட்டைவிரலை மடக்கிக் கறக்காதீர்கள், காம்பு புண்ணாகும். முழுக் கையால் பிடித்துக் கறக்க வேண்டும். முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக வந்தால் மடிநோய். பால் மடியில் தங்கத் தங்க அந்த ஆபத்து அதிகம். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் செய்தால் பழைய 6 லிட்டர் திரும்பிவிடுமா என்றால், இந்த ஈற்றில் வராது. நான்கு மாதம் அரைகுறையாகக் கறந்ததில் மடி சுருங்கியிருக்கும். 4 லிட்டர் வந்தால் திருப்திப்படுங்கள். அடுத்த ஈற்றில் சீம்பால் முதல் உங்கள் கைதான் என்றால் இந்த அடக்கல் இருக்காது.

இனி, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம். மாடுகள் எப்போது கன்று போட்டன, பருவத்துக்கு வந்தனவா, சினை ஊசி போட்டாயிற்றா? இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குறை சொல்லவில்லை. 30 வருஷம் ஊர் ஊராக வைத்தியத்துக்குப் போனேன். ‘எப்போது ஈன்றது?’ என்று வீட்டுக்காரரைக் கேட்டால் அவர் சமையற்கட்டு வாசலைத்தான் பார்ப்பார். பதில் அங்கேயிருந்துதான் வரும். கட்டுத்தரைக் கணக்கு முழுவதும் பெண்கள் தலைக்குள் இருந்தது. ‘அவளும் ஒத்தாசை பண்ணுவா’ என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வீட்டில் தினசரி காலண்டர், நாட்குறிப்பு, பால் அட்டை எதையும் எறிய வேண்டாம். எடுத்துப் புரட்டுங்கள். ஏதோ ஒரு தேதியில் வட்டமோ சுழியோ இருக்கும். அது மாடு பருவத்துக்கு வந்த நாளாக இருக்கலாம். அதிலிருந்து 21 நாள், 21 நாளாக எண்ணிக்கொண்டு வந்தால் அடுத்தது எப்போது என்று ஏறக்குறையத் தெரியும். அந்த நாட்களில் விடியலிலும் இரவு படுக்கப் போகும் முன்பும் மாட்டைக் கவனியுங்கள். கத்தும், தீவனம் குறைக்கும், கண்ணாடி போல வழும்பு தொங்கும். காலையில் தெரிந்தால் அன்று மாலை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி. விடியும் முன் எழுந்து எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்களே, மாடு பருவத்துக்கு வருவதைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

விற்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டையும் இப்போது விற்கக் கூடாது என்பது என் கருத்து. வாங்க வருகிறவர் மாட்டைக் கறந்து பார்ப்பார். பாலை அடக்கும் மாட்டுக்கு அடிமாட்டு விலைதான் கேட்பார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று, காலையிலும் மாலையிலும் உங்களை எழுப்பி வேலை வாங்க இப்போது வேறு யார் இருக்கிறார்கள்? மஞ்சளும் கரும்பும் ஒரு நாள் போகாவிட்டாலும் ஒன்றும் சொல்லாது. மாடு சும்மா விடாது.

ஆனால், இரண்டு மாட்டை ஒற்றை ஆளாகப் பார்க்க முடியும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 25, 30 கிலோ பசுந்தீவனம் அறுக்க வேண்டும். 64 வயதில் இருவர் வேலையை ஒருவர் செய்தால் முதுகு போய்விடும். இரண்டுக்கும் சினை ஊசி போடுங்கள். 60, 90 நாளில் மருத்துவர் கைவிட்டுப் பார்த்துச் சினையை உறுதி செய்வார். அதன் பிறகு ஒன்றைத் தெரிந்தவர் வீட்டுக்குக் கொடுங்கள், நல்ல விலையும் கிடைக்கும். சாதுவான மாடு உங்களோடு இருக்கட்டும். உங்கள் கை பழகியபின், பக்கத்திலிருந்து ஒருவரை வாரத்தில் இரண்டு வேளை கறக்க வைத்து அந்தக் கையையும் பழக்குங்கள். அப்போதுதான் பெங்களூருக்குப் போய்ப் பத்து நாள் பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு வர முடியும். மகள் கூப்பிடுவதில் தப்பில்லை. போய்வாருங்கள். அங்கேயே குடியேறுவதா என்ற முடிவை இந்த வருஷம் எடுக்காதீர்கள்.

காகித வேலை கொஞ்சம் இருக்கிறது. சொசைட்டியில் உறுப்பினர் அவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றிதழைச் செயலாளரிடம் கொடுத்துப் பெயர் மாற்றுவது எப்படி என்று கேளுங்கள். மாட்டின் காதில் இருக்கும் 12 இலக்க வில்லையும், காப்பீடு இருந்தால் அதுவும் அவர் பெயரில் இருக்கலாம். கால்நடை மருந்தகத்தில் சொல்லிவையுங்கள். மாட்டுக்கு ஏதாவது ஆனபிறகு இதற்காக அலைவது கொடுமை.

இனி உங்களைப் பற்றி. என் மனைவி போய் ஆறு வருஷமாகிறது. எனக்கு மாடு கிடையாது, பால் பாக்கெட்தான். முதல் இரண்டு மாதம் பழக்கத்தில் பழைய அளவே வாங்கிக்கொண்டிருந்தேன். மிச்சப் பால் நாள்தோறும் திரிந்துபோகும், கொட்டுவேன், மறுநாளும் அதே அளவு வாங்குவேன். குறைத்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால், நீங்கள் கட்டுத்தரையில் போய் உட்கார்ந்திருப்பது எனக்கு விசித்திரமாகத் தெரியவில்லை.

ஒன்றை நேரடியாகவே கேட்கிறேன். நாமும் போய்விடலாம் என்ற நினைப்பு வருகிறதா? வந்தால் மறைக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். இத்தனை மாதம் தூக்கமில்லாமல் இருப்பதை மட்டும் சொன்னாலும் பார்ப்பார். மிச்சமிருக்கும் பூச்சிமருந்தை வீட்டிலும் சாளையிலும் வைக்க வேண்டாம். பங்காளி வீட்டில் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். நினைப்பு வராவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. காலையில் டீ, மதியம் ஏதோ, ராத்திரி ஒன்றுமில்லை என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். கறக்கும் பாலில் அரை லிட்டர் வீட்டுக்கு எடுத்துவையுங்கள். சோறும் ஒரு பருப்பும் வைக்கப் பழகிக்கொள்ளுங்கள், மாடு கறப்பதைவிட அது சுலபம். வண்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து பால் எடுப்பதாக இருந்தால், நிறுத்திவிட்டு நீங்களே கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போங்கள். அங்கே வரிசையில் நிற்கும் பெண்களில் பாதிப்பேர் உங்கள் வீட்டுக்காரம்மாவோடு தினம் பேசியவர்களாக இருப்பார்கள். அந்த மாட்டைப் பற்றி உங்களைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும்.

இன்றிலிருந்து கறந்த அளவை வேளைக்கு வேளை காலண்டரிலேயே, அவர் எழுதிய இடத்துக்குக் கீழே குறித்துவையுங்கள். ஒரு மாதக் கணக்கை எனக்கு அனுப்புங்கள். மாட்டின் பெயரையும் எழுதுங்கள், அதையும் விட்டுவிட்டீர்கள்.