பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டுத் தொழுகை: பழவேற்காட்டிலிருந்து எங்கள் நிலைப்பாடு

பழவேற்காட்டிலும் ஜமீலாபாத், லைட் ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம் முதலான ஏரிக்கரை, கடற்கரைக் கிராமங்களிலும் பொதுச் சுகாதாரத்துக்காக வேலை செய்கிறவர்கள் நாங்கள். எங்களில் முஸ்லிம்கள் இருக்கிறோம், பட்டினவர் சமூகத்தினர் இருக்கிறோம், மகிமை மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் இருக்கிறோம். கொரோனா ஊரடங்கெல்லாம் முடிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன, பள்ளிவாசல்கள் நிறைந்திருக்கின்றன, இப்போது எதற்கு இந்த அறிக்கை என்று எங்களிடமே சிலர் கேட்டார்கள். நோய் வாசலுக்கு வந்த பிறகு உட்கார்ந்து பேசினால் பயமும் கோபமும்தான் பேசும். 2020 மார்ச் மாதத்தில் அதுதான் நடந்தது. அடுத்த நோய் எந்தப் பெயரில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஊர் அமைதியாக இருக்கிற இந்த நேரத்தில் பேசி முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறோம்.

மூச்சுக்காற்றில் பரவும் கொள்ளைநோய் ஊருக்குள் வந்துவிட்டால், கூட்டுத் தொழுகையைத் தள்ளி வைக்கும் முடிவை ஜமாஅத்தே எடுக்க வேண்டும். ஆலிம்களைக் கலந்து, மருத்துவரைக் கேட்டு, அரசாணை வரும்வரை காத்திராமல் எடுக்க வேண்டும். அது மார்க்கத்தை விட்டுக்கொடுப்பது ஆகாது. மார்க்கம் தந்த அனுமதியைப் பயன்படுத்துவது. அரசும் பள்ளிவாசலை அளக்கிற அதே கோலால் மீன் ஏலக்கூடத்தையும் கடைத்தெருவையும் அளக்க வேண்டும். எங்கள் நிலைப்பாடு இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கான காரணங்களும் இதிலிருந்து வரும் கோரிக்கைகளும்.

ஒரு ஸஃப்பை, அதாவது தொழுகை வரிசையை, அருகில் நின்று பாருங்கள். தோளோடு தோள் உரசும். ஒருவருக்கு ஒன்றரை அடி இடம் இருந்தால் அதிகம். முன் வரிசைக்காரரின் குதிகாலுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி அடுத்தவர் நெற்றி தரையில் படுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஆமீன் சொல்கிறார்கள். தொழுகைக்கு முன் ஹவுள் என்ற நீர்த்தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து வாய் கொப்பளித்து, மூக்குக்கு நீர் செலுத்தி ஒளு செய்கிறார்கள். தொழுது முடித்ததும் கைகொடுத்து முஸாபஹா, அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஊர்ப்பேச்சு. ஜமாஅத்தின் அழகு முழுவதும் இந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. வைரஸுக்கு வேண்டியதும் இந்த நெருக்கம்தான். ஆறடி இடைவெளி என்றால் ஒரு வரிசையில் நால்வர் நின்ற இடத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை என்றால் அதிலும் பாதி. 400 பேர் தொழும் பள்ளியில் 50 பேர். இந்தக் கணக்கை ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் இப்போதே தன் இடத்துக்குப் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆபத்து எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமானதல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்கில் 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்கு நோய் தொற்றியதாகக் கணக்கிட்டார்கள், இருவர் இறந்தார்கள். மலேசியாவில் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் பிப்ரவரிக் கடைசியில் நடந்த தப்லீக் கூட்டத்துக்குச் சுமார் 16,000 பேர் வந்தார்கள். அந்நாட்டின் முதல் பெரிய பரவல் அங்கிருந்து கிளம்பியது. நமக்குப் பக்கத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தை. 2020 மே மாதம் காய்கறி வாங்கப் போனவர்கள், சுமை தூக்கியவர்கள், லாரி ஓட்டியவர்கள் வழியாக நோய் பல மாவட்டங்களுக்குப் போனது. அடுத்த மாதமே திருவள்ளூரும் சென்னையோடு சேர்த்து முழு ஊரடங்குக்குள் வந்தது.

மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு மனம் ஒப்பாத இடம் அதுதான். அவர்களுடைய வருத்தத்தை நாங்கள் மதிக்கிறோம். ஐம்பது, அறுபது வருடமாக சுபுஹுக்குப் பள்ளிக்குப் போய்ப் பழகிய ஒருவரிடம் வீட்டிலேயே தொழுங்கள் என்று சொல்வது சின்ன விஷயமல்ல.

கொள்ளைநோய் பரவியிருக்கும் ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு வழியில் சர்க் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டுத் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள், படையோடு திரும்பிவிட்டார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) கேட்டதற்கு, நாம் திரும்புவதும் அவனுடைய விதிக்குள்தான் என்ற பொருளில் உமர் பதில் சொன்னது நம் பயான்களில் அடிக்கடி கேட்கும் செய்தி. அந்த அம்வாஸ் கொள்ளைநோயில் அபூ உபைதாவே இறந்தார்கள். பின்னர் பொறுப்புக்கு வந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) மக்களை மலைகளுக்குப் பிரிந்து போகச் சொன்னார்கள். கூட்டத்தைக் கலைப்பது நோய்க்கு மருந்து என்பதை அன்றே செய்து காட்டியிருக்கிறார்கள்.

அடைமழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பாங்கின் வாசகத்தையே மாற்றி, வீடுகளில் தொழுதுகொள்ளுங்கள் என்று அழைக்கச் சொன்னார்கள். நபிகளார் காலத்து வழக்கம் அது என்றும் சொன்னார்கள். 2020 மார்ச் 13 அன்று குவைத்தில் முஅத்தின்கள் அந்த வாசகத்தைச் சொல்லிப் பாங்கு கொடுத்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நான்கு நாட்களில் சவூதி அரேபியா மக்கா, மதீனாவின் இரண்டு ஹரம்கள் தவிர மற்றப் பள்ளிவாசல்களில் கூட்டுத் தொழுகையை நிறுத்தியது. முந்தைய வருடம் ஏறத்தாழ 25 லட்சம் பேர் செய்த ஹஜ்ஜை அந்த வருடம் உள்நாட்டில் இருந்த ஆயிரம் பேர் அளவில் செய்தார்கள். தமிழ்நாட்டில் ஜமாஅத்துல் உலமா சபை வீட்டில் தொழச் சொன்னது; ஊர்கள் கேட்டு நடந்தன.

மழைக்கே அனுமதி உண்டென்றால் மூச்சை அடைக்கும் நோய்க்கு இல்லையா என்பது எங்கள் கேள்வி. வெள்ளிக்கிழமை நடுக்கடலில் இருக்கும் ஜமீலாபாத் மீனவர் படகிலேயே லுஹர் தொழுகிறார். யாரும் அவரைக் குறை சொல்வதில்லை. நம் வீட்டுப் பெண்கள், பனையோலைப் பெட்டி முடையும் கையை நிறுத்தி, ஐந்து வேளையும் வீட்டிலேயே தொழுது வருகிறார்கள். ஊரில் பாதிப்பேரின் தொழுகை தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் நடந்திருக்கிறது. நம் சின்னப் பள்ளியில் 1914-ஆம் ஆண்டின் நிழற்கடிகாரம் ஒன்று இருக்கிறது. அது நினைவூட்டுவது போல, தொழுகைக்கு நேரம்தான் கடமை. அதைத் தள்ளிப் போட வழியில்லை. இடத்தில் சலுகை இருக்கிறது, பூமி முழுவதும் தொழும் இடமாக ஆக்கப்பட்டிருக்கிறது.

ஜும்ஆ மட்டும் வேறு. அதற்குக் கூட்டம் நிபந்தனை. கடலோரத் தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் ஊரில் குடியிருக்கும் ஆண்கள் 40 பேர் இல்லாமல் ஜும்ஆ கூடாது. ஹனஃபியில் இமாமைத் தவிர மூவர் போதும். ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற உத்தரவு ஒரே தெருவில் இருக்கும் இரண்டு வீட்டாருக்கு இரண்டு விதமாகப் பொருள்படும். இது தெரிந்த அதிகாரி ஒருவராவது மாவட்ட நிர்வாகத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். தெரியாததால் என்ன ஆனது என்பதற்கு 2021 ஆகஸ்ட் சாட்சி. வழிபாட்டுத் தலங்களை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஆடி மாதக் கூட்டத்தை நினைத்துப் போட்ட உத்தரவு என்பது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் திங்கள் முதல் வியாழன் வரை பள்ளி திறந்திருக்கும், ஜும்ஆ மட்டும் கிடையாது என்பதுதான் அதன் விளைவு. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கும் அதே கதி. அக்டோபர் 14 அன்றுதான் அது விலக்கப்பட்டது. 2022 ஜனவரியில் திரும்பவும் அதே மூன்று நாள். ஆபத்தைக் கூட்டத்தின் அளவும் காற்றோட்டமும்தான் தீர்மானிக்கின்றன, கிழமை தீர்மானிப்பதில்லை. இனி ஒரு முறை கிழமை பார்த்து மூடுவதை நாங்கள் எதிர்ப்போம். எண்ணிக்கை சொல்லுங்கள், இடைவெளி சொல்லுங்கள், தேவையென்றால் எல்லா நாளும் மூடச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

அதே 2020-இல் மதுக்கடைகள் மே மாதமே பல மாவட்டங்களில் திறந்தன. வழிபாட்டுத் தலங்கள் எல்லாம் திறக்கச் செப்டம்பர் 1 ஆயிற்று. மக்களின் மனதில் இது இன்னும் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மத உரிமையைத் தரும்போதே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது. அந்த வரம்பை நாங்கள் முழுமனதோடு ஏற்கிறோம். ஆனால் அந்த வரம்பு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

டெல்லி நிஜாமுத்தீன் விவகாரத்தைத் தவிர்த்துவிட்டு இந்த அறிக்கையை எழுத முடியாது. 2020 மார்ச்சில் அங்கே நடந்த தப்லீக் கூட்டத்துக்குப் போன தமிழ்நாட்டினர் சுமார் 1,500 பேர். ஏப்ரல் தொடக்கத்தில் தமிழகத்தில் தொற்று உறுதியானவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூட்டத்தோடு தொடர்புடையவர்கள் என்பது உண்மை. அந்தக் கூட்டம் அந்த நேரத்தில் நடந்திருக்கக் கூடாது. இதைச் சொல்ல எங்களுக்குத் தயக்கமில்லை. அதற்குப் பிறகு நடந்ததையும் தயங்காமல் சொல்கிறோம்: ஒரு நோயை ஒரு சமூகத்தின் தலையில் கட்டினார்கள். முஸ்லிம் வியாபாரியிடம் வாங்காதே என்று கைப்பேசியில் செய்தி சுற்றியது. தமிழகச் சுகாதாரத் துறை அன்றாட அறிக்கையில் மதத்தின் பெயரை விட்டு ‘ஒரே மூலம்’ என்று சொல்லத் தொடங்கியதை நன்றியோடு நினைக்கிறோம். ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீக் உறுப்பினர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகச் சொல்லி வழக்குகளை ரத்து செய்தது. அவமானத்துக்குப் பயந்தவர் காய்ச்சலை மறைப்பார். மறைத்த காய்ச்சல் ஒற்றை அறை வீட்டில் தாய்க்கும் பிள்ளைக்கும் போகும், நோயாளியைப் பொன்னேரிக்கோ சென்னைக்கோ கொண்டு போகும்போது நேரம் கடந்திருக்கும். ஆகவே நோயாளிகளை மதவாரியாக எண்ணிச் சொல்லும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் திரும்பி வரக்கூடாது.

நன்றாக நடந்த ஒன்று நோன்புக் கஞ்சி. 2020 ரமலானுக்கு அரசு 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் பச்சரிசி கொடுத்தது. பள்ளியில் அண்டா வைத்துக் காய்ச்சாமல், அரிசியைத் தன்னார்வலர்கள் வழியாக வீடுவீடாகச் சேர்க்கச் சொன்னது. ஜமாஅத்தும் அரசும் முன்கூட்டியே கலந்து பேசினால் இபாதத்தும் நடக்கும், நோயும் பரவாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை. தராவீஹுக்கும் பெருநாள் தொழுகைக்கும் இப்படி ஒரு ஏற்பாட்டை முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் புயல் கூண்டு ஏறினால் நம் குப்பங்களில் போலீஸ் வந்து சொல்லும்வரை யாரும் காத்திருப்பதில்லை. படகை மேடேற்றிக் கட்டிவிடுகிறார்கள். எந்த எண் கூண்டு என்பதைப் பொறுத்து என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரியும். நோய்க்கும் அப்படி ஒரு படிநிலை வேண்டும். முத்தவல்லி, பேஷ் இமாம், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், கிராம சுகாதார செவிலியர், ஊராட்சிப் பிரதிநிதி கொண்ட சிறு குழு ஒன்று அதை முடிவு செய்யட்டும். சுகாதாரத் துறை ஊர்வாரியான நோய் எண்ணிக்கையை வாராவாரம் அந்தக் குழுவுக்குத் தர வேண்டும். மாவட்டக் கணக்கை வைத்துக்கொண்டு குப்பத்தில் முடிவெடுக்க முடியாது. முதல் படியில் ஒளுவை வீட்டில் முடித்து, சொந்த முஸல்லாவோடு வருவது, ஏசியை நிறுத்திச் சன்னல்களைத் திறப்பது, குத்பாவைச் சுருக்குவது, முதியவர்களும் சளி, இருமல் உள்ளவர்களும் வீட்டிலேயே இருப்பது. அடுத்த படியில் இடைவெளி விட்ட ஸஃப். நெருக்கடிக் காலத்தில் அது கூடும் என்று ஆலிம்கள் பலர் அனுமதித்திருக்கிறார்கள், எங்கள் கருத்தும் அதுவே. கடைசிப் படியில் இமாமும் மோதினாரும் மட்டும். அப்போதும் ஐந்து வேளைப் பாங்கு ஒலிக்க வேண்டும். பள்ளி மூடிய காலத்தில் ஊரைத் தாங்கியது அந்தக் குரல்.

அந்தக் குரலுக்குரியவர் எப்படிச் சாப்பிட்டார் என்று ஊர் கேட்டதா? சின்ன ஜமாஅத்துகளில் இமாம், மோதினார் சம்பளம் வெள்ளிக்கிழமை வசூலை நம்பியே இருக்கிறது. பள்ளி மூடினால் அது நின்றுபோகிறது. மீன்பிடிக்கப் போக முடியாத மீனவருக்கு நிவாரணம் உண்டு என்ற நியாயம் இவர்களுக்கும் பொருந்தும். வக்பு வாரியம் இதற்கென ஒரு நிதி வைக்க வேண்டும்.

தடுப்பூசி விஷயத்தில் பள்ளிவாசலே முகாமாக வேண்டும். ஊசி நோன்பை முறிக்காது என்று 2021 ரமலானில் உலகெங்கும் ஆலிம்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அதையே நம் இமாம் மிம்பரிலிருந்து ஒரு முறை சொன்னால், சுகாதாரத் துறையின் நூறு துண்டுப் பிரசுரம் செய்யாததைச் செய்யும்.

கடைசியாக ஜனாஸா. இலங்கையில் 2020 ஏப்ரல் முதல் 2021 பிப்ரவரி வரை கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறகு ஓட்டமாவடியில் அடக்கத்துக்கு இடம் கொடுத்தார்கள். 2024-இல் அந்நாட்டு அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. தமிழகத்தில் அந்தக் கொடுமை இல்லை. தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் (தமுமுக) முதலான இயக்கங்களின் இளைஞர்கள் பல ஊர்களில் பாதுகாப்பு உடை போட்டு எல்லா மதத்தவர் உடல்களையும் எடுத்து அவரவர் முறைப்படி அனுப்பி வைத்தார்கள். ஜனாஸா தொழுகையில் ருகூவும் சஜ்தாவும் இல்லை. திறந்த வெளியில், நின்றபடி, சிலர் தொழுதாலே ஊரின் கடமை நீங்கிவிடும். உடலைக் குளிப்பாட்ட முடியாவிட்டால் மண்ணால் செய்யும் தயம்மும் உண்டு. நம் ஊருக்கு இருக்கும் சிக்கல் நிலம்தான். ஏரிக்கரை மணல், தோண்டினால் சீக்கிரமே நீர் ஊறும். அடக்கத்துக்கு மேடான இடம் எது, எவ்வளவு ஆழம் தோண்டலாம், குடிநீர்க் கிணறுகள் எவ்வளவு தூரம் என்பதை ஊராட்சியும் ஜமாஅத்தும் சேர்ந்து அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே அளந்து, எழுத்தில் வைக்க வேண்டும். அந்த அளவைப் பணிக்கு ஆட்களை நாங்கள் தருகிறோம்.