இழுத்துப் பாத்துட்டு விடுங்கப்பா!

கண்ட்ரோல் லைன் விமானத்துக்கு ரிமோட் எல்லாம் கிடையாது மக்களே. ரெண்டு மெல்லிசான ஸ்டீல் கம்பி, கையில ஒரு பிடி. விமானம் நம்மளச் சுத்தும், கூடவே நாமளும் சுத்தணும் (தலைசுத்தல் இலவசம் :-)).

கம்பி அறுந்தா? கவண் கல்லு மாதிரி நேரா வேடிக்கை பாக்கறவங்க மேலதான். அமெரிக்காவுல ஏ.எம்.ஏ. அமைப்பு, பறக்கவிடறதுக்கு முன்னாடி பிடி, மணிக்கட்டு வார், கம்பி, விமானத்துக்குள்ள இருக்கற பெல்கிராங்க்னு மொத்தமா இழுத்துப் பாக்கச் சொல்லுது. ஸ்டண்ட் வகைக்கு விமான எடையைப் போல 10 மடங்கு இழுவை.

'10 மடங்கு ஓவரா தெரியலயா?'ன்னு கேப்பாங்க. 18 மீட்டர் கம்பி, மணிக்கு 80 கி.மீ. வேகம்னா நிஜ இழுவை எடையில கிட்டத்தட்ட 3 மடங்குதான், ஒத்துக்கறேன். ஆனா வேகம் ரெட்டிப்பானா இழுவை நாலு மடங்கு. 17.69 மீட்டர் கம்பியில 300 கி.மீ. வேகத்துல போற 2.5 சிசி ஸ்பீட் விமானத்துக்கு 40 மடங்கு! தவிர, கம்பி ஒரு நொடி தொய்ஞ்சு மறுபடி விறைக்கறப்போ வர்ற வெடுக் இந்தக் கணக்குலயே இல்ல.

'இழுத்து இழுத்தே வீக்காயிடும்'னு இன்னொரு கோஷ்டி. அறுந்தா தரையிலயே அறுந்து தொலையட்டுமே?

எனக்கு உறுத்தறது வேற. போட்டியன்னிக்கு ஒழுங்கா இழுத்துப் பாத்துட்டு, ஞாயித்துக்கிழமை மைதானத்துல சுத்திலும் பசங்க நிக்கறப்போ 'போன வாரம் நல்லாத்தானே இருந்துச்சு'ங்கறது. நம்ம ஆபீஸ்ல 'என் மெஷின்ல ஓடுதே'ங்கற அதே டயலாக். மடிப்பு விழுந்த கம்பியை நீவிவிட்டு மாட்டறதும் அதே கேஸ்தான். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க சாமி.