‘நல்ல’ இடம்!

திருச்சியிலிருந்து சென்னைக்கு மாற்றல். உத்தரவு வந்த அன்று வீடெல்லாம் மகிழ்ச்சி. பதவி உயர்வோடு வந்த மாற்றலல்லவா! மனைவி, பள்ளியில் படிக்கும் மக்கள் இருவர், வயது முதிர்ந்த அன்னை. இத்தனை பேரையும் அழைத்துக்கொண்டு குடியேற வேண்டும். வீடு பார்க்கப் புறப்பட்டார் என் நண்பர். அவரிடம் பணம் இருந்தது, பதவி இருந்தது, பண்பு இருந்தது. வீடுதான் கிடைக்கவில்லை!

வீடுகளே இல்லையோ? ஏன் இல்லை! தெருவுக்கு நாலு வாயிலில் ‘வீடு வாடகைக்கு’ என்ற அட்டை தொங்கிற்று. அப்படிப்பட்ட ஒரு வாயிலில் நடந்த உரையாடலை நண்பர் சொல்லக் கேட்டேன்.

“எத்தனை பேர்?”

“ஐந்து பேர்.”

“உத்தியோகம்?”

சொன்னார். வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது, நாற்காலி வந்தது, தண்ணீரும் வந்தது.

“சொந்த ஊர்?”

ஊரின் பெயரைச் சொன்னார்.

“ஓ, நமக்குத் தெரிந்த ஊர்தான். ஊரிலே எந்தத் தெரு?”

அதுவரை தயங்காத நண்பர் அங்கே தயங்கினார். அந்தத் தயக்கமே விடையாயிற்று. மலர்ந்த முகம் சுருங்கிற்று. “அசைவம் உண்டோ?” என்று ஒரு கேள்வி, ஒப்புக்காக. “இன்னொருவரும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், பிறகு சொல்லி அனுப்புகிறோம்” என்று ஒரு விடை, வழியனுப்புதற்காக.

பிறகு! அந்த மூன்றெழுத்துச் சொல்லுக்குள் மூவாயிரம் ஆண்டு அழுக்கும் அடங்கிக் கிடக்கிறது, தோழர்களே! ‘தீண்டாதே’ என்றான் பழைய வைதிகன். இன்றைய நாகரிகன் ‘பிறகு’ என்கிறான். அவனுக்கு இருந்த துணிவு இவனுக்கு இல்லை. இவனுக்கு இருக்கும் தந்திரம் அவனுக்குத் தெரியாது. வேறுபாடு அவ்வளவே.

தந்திரம் ஏன் தேவைப்பட்டது? சட்டம் இருக்கிறது. தீண்டாமையை எந்த வடிவிலும் ஒழித்தோம் என்று அரசியல் சட்டத்தின் 17 ஆவது பிரிவு முழங்குகிறது. 1955 ஆம் ஆண்டு வந்த குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், எந்தப் பகுதியிலும் ஒருவர் வீடு கட்டுவதை, வாங்குவதை, அதில் குடியிருப்பதைத் தீண்டாமையின் பெயரால் தடுத்தால் அது தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. ஆகவே, காரணத்தைச் சொன்னால் குற்றவாளி. காரணத்தை விழுங்கிவிட்டால் கனவான்! ‘உன் சாதிக்கு வீடில்லை’ என்று சொன்னால் வழக்கு வரும். ‘சைவ உணவினருக்கு மட்டும்’ என்று அட்டை தொங்கவிட்டால் வரவேற்பு வரும். சட்டத்தின் கண்ணுக்கு மறைத்துச் சாதியைச் சமையலறைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

“வீடு என்னுடையது. என் வீட்டில் யாரை வைப்பது என்பது என் விருப்பம். இதில் சாதி எங்கே வந்தது?” என்று கேட்பார் உண்டு. கேட்கட்டும். தேநீர்க் கடையில் இரண்டு குவளை வைத்தவனும் இதைத்தானே சொன்னான்! கடை அவனுடையது, குவளை அவனுடையது, தேநீரும் அவனுடையது. ஆயினும் சட்டம் அவன் கையைப் பிடித்தது. காசுக்குப் பண்டம் தருகிறேன் என்று கதவைத் திறந்தவன், பிறப்பைப் பார்த்துக் கதவைச் சாத்த முடியாது என்றது. தேநீர்க் கடைக்கு உரிய நீதி, திண்ணை வைத்த வீட்டுக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமற் போகும்? குவளைத் தேநீர் கிடைக்காதவன் அடுத்த கடைக்குப் போவான். வீடு கிடைக்காதவன் குழந்தைகளையும் கிழவியையும் அழைத்துக்கொண்டு எங்கே போவான்?

அண்ணல் அம்பேத்கரை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கற்றுத் திரும்பியவர். பரோடா அரசின் பணியில் சேரச் சென்றவர். அந்நகரில் அவருக்கு ஒண்ட ஓர் இடமில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரைச் சூடிக்கொண்டு தங்கினார். உண்மை வெளிப்பட்டது, தடியுடன் வந்து நின்றனர். நண்பர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார்; சாக்குகளே கிடைத்தன. பொதுத் தோட்டத்தில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு ஊரைவிட்டே வெளியேறினார். நூறாண்டு கடந்துவிட்டது. தடி போயிற்று, சாக்கு மட்டும் சாகாவரம் பெற்று நிற்கிறது!

நீதிமன்றம் காக்கும் என்பீரோ? ஆமதாபாத்தில் ஒரு பார்சிக் கூட்டுறவு வீட்டுச் சங்கம், பார்சிகள் அல்லாதாரை உறுப்பினராக்க மாட்டோம் என்று விதி வகுத்திருந்தது. அந்த விதி செல்லும் என்று 2005 இல் உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. நம் தமிழ்நாட்டில் 2017 இல் வாடகைச் சட்டம் புதிதாக வந்தது. ஒப்பந்தத்தைப் பதிவு செய் என்கிறது. வேறு உடன்பாடு இல்லாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்கிறது. பயனுள்ள சட்டந்தான். ஆனால், சாதிக்காகவும் மதத்துக்காகவும் வீட்டை மறுக்காதே என்ற ஒரு வரியை அதிலே தேடினேன், காணோம்!

இப்படி ஒரு வரி எழுத முடியாதா? அமெரிக்கா எழுதிற்று. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்ப்பது சட்டவிரோதம் என்று அந்நாடு விதித்தது. அங்கே நிறவெறி அதனால் மாய்ந்துவிடவில்லை. ஆனால், மறுக்கப்பட்டவன் போய் நின்று முறையிட ஒரு வாயில் திறந்தது. இங்கே அந்த வாயிலும் ‘பிறகு’தானா?

நிற்க. வீட்டுக்காரனை வைதுவிட்டால் நம் கடமை தீர்ந்ததா? தீரவில்லை. இனி நான் சொல்லப்போவது நமக்கே கசக்கும். கசந்தாலும் கேளுங்கள்.

முப்பது வாயில் ஏறி இறங்கிய அதே நண்பர், தரகரிடம் சொன்னது என்ன தெரியுமோ? “கிழக்குப் பார்த்த வாசலாக இருக்கட்டும், அம்மா தெற்கு வாசலை ஒப்பமாட்டார்கள். ‘நல்ல’ இடமாக இருக்கவேண்டும். அந்தக் குடிசைமாற்று வாரியக் குடியிருப்புப் பக்கம் மட்டும் வேண்டாம், பிள்ளைகள் கெட்டுவிடும்!”

சுட்டது எனக்கு. மேல்மாடியில் இருப்பவன் தன்னைத் தள்ளியதற்குக் கண்ணீர் வடித்தவர், கீழ்ப்படியில் நிற்பவனைத் தாமே தள்ளுகிறார்! சாதி என்னும் ஏணியின் சூட்சுமமே இதுதான். ஒவ்வொருவனுக்கும் உதைக்க ஒரு தலை கீழே இருக்கிறது; ஆகவே மேலிருந்து விழும் உதையை எவனும் முழுமூச்சாய் எதிர்ப்பதில்லை.

யார் அந்த ‘வேண்டாத’ மக்கள்? கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் வாழ்ந்தவர்கள். நகரின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்து 2000 ஆம் ஆண்டு முதற்கொண்டு கண்ணகி நகருக்கும், பின்னர்ப் பெரும்பாக்கத்திற்கும் அனுப்பப்பட்டவர்கள். நகரின் குப்பையை அள்ளுவோர் அவர்களிலே உண்டு. கட்டடத்துக்குக் கல் சுமப்போர் உண்டு. ‘நல்ல’ இடத்து வீடுகளில் விடியற்காலையில் பாத்திரம் துலக்குவோர் உண்டு. பாத்திரம் துலக்கும் கை வேண்டும். அந்தக் கையைப் பிடித்து நடக்கும் குழந்தை நம் குழந்தைக்குத் தோழனாக வேண்டாம்! இதற்குப் பெயர் ‘பிள்ளை வளர்ப்பு’ என்றால், அக்கிரகாரத்துக்கு வேலி கட்டினவனும் பிள்ளை வளர்ப்பைத்தான் செய்தான்.

வாஸ்துவுக்கு வருவோம். ஈசானிய மூலையாகிய வடகிழக்கில் நீர் இருக்கவேண்டும் என்கிறது வாஸ்து. 2015 டிசம்பரில் அடையாறு கரைமீறியபோது முடிச்சூரிலே, சைதாப்பேட்டையிலே, கோட்டூர்புரத்திலே எட்டு மூலையிலும் நீர் இருந்ததே! கிழக்கு வாசல் வழியாகவும் வெள்ளம் வந்தது. தெற்கு வாசல் வழியாகவும் வந்தது. எந்த வாசலுக்கும் அது சாத்திரம் கேட்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மீண்டும் மூழ்கின. வாசல் பார்த்தவர்கள் வாய்க்கால் பார்க்கவில்லை. திசை பார்த்தவர்கள் தரைமட்டம் பார்க்கவில்லை.

ஊர்ப் பெயரே உரக்கச் சொல்லுகிறதே! ‘தாங்கல்’ என்றால் நீர் தங்கும் இடம். பள்ளிக்கரணை பல நூற்றாண்டாகத் தென்சென்னையின் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் சதுப்புநிலம். 2022 இல் அதனை ராம்சர் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புள்ள நீர்நிலமாகவே ஏற்றார்கள். மாம்பலத்திலே ‘ஏரிக்கரைச் சாலை’ என்று இன்றும் ஒரு சாலை இருக்கிறது. ஏரி எங்கே? அதுதான் தியாகராய நகர்! 1920 களில் நீதிக்கட்சிக் காலத்தில், நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகர். நம்மவர் செய்ததாயினும் நீரியலின் கணக்கில் அது தவறு தவறுதான். பகுத்தறிவாளன் தன் வீட்டுக் கணக்கையும் தணிக்கை செய்யத் தயங்கலாகாது.

ஆனால் அதே நகரின் பெயர்ப் பலகைகளைப் படியுங்கள். பிட்டி தியாகராயர், டாக்டர் நாயர், நடேசனார், உசுமான், பனகல் அரசர்! அங்கே நடமாட இடமில்லாமல் மக்கள் நெருக்கும் கடைவீதியின் பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. யார் அவர்? இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் இல்லை என்று அறிவித்தவர்! பேருந்து முதலாளி, ‘வண்டி என்னுடையது’ என்றுதான் சொல்லியிருப்பான். ‘வண்டி உன்னுடையது, சாலை ஊருடையது’ என்பதே சௌந்தரபாண்டியனாரின் செயலில் அடங்கிய விடை. வீடு உன்னுடையது, அதற்கு வரும் சாலை, குழாய், சாக்கடை, விளக்கு யாருடையவை? ஊரார் வரிப்பணமல்லவா உன் வாடகைக்கு விலை ஏற்றியது? அந்தப் பெருமக்களின் பெயர் தாங்கிய தெருக்களிலேயே ‘சைவ உணவினருக்கு மட்டும்’ அட்டையைக் காணும்போது, அந்தப் பெயர்ப் பலகைகள் வெட்கித் தலைகுனிவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

1997 இல் தமிழ்நாட்டில் பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டம் பிறந்தது. ஊருக்கு 100 வீடு. ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10. சுவரோடு சுவராய் வாழ்வது மட்டுமா? மாண்டால் சுடுகாடும் ஒன்று. ஊர், சேரி என்று பிரித்து வைத்த சிற்றூரிலே அரசு அடுத்தடுத்த வாசலில் மக்களைக் குடிவைத்துக் காட்டிற்று. மாநகரிலோ அந்தப் பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரரின் விருப்பத்திற்கும் தரகரின் காதோரச் செய்திக்கும் விடப்பட்டிருக்கிறது. ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, சொல் போகட்டும். அந்தச் சொல்லைப் பெற்றெடுத்த வேலி எப்போது போவது?

ஆகவே, குடும்பத்தோடு குடிபெயரும் இளைஞனே! கேள்விகளை மாற்று.

வாசல் எந்தத் திசை என்று கேளாதே. மழைநீர் எந்தத் திசையில் ஓடும் என்று கேள். 2015 இல் தண்ணீர் எதுவரை ஏறிற்று என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரி. சுவரிலே கறையைக் காட்டுவார். கோடையில் கிணற்றில் நீர் உண்டா, லாரித் தண்ணீரா என்று கேள். உன் மனைவி இரவு 9 மணிக்கு வேலைமுடிந்து வந்தால், பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை விளக்கு எரியுமா என்று நடந்து பார். நூலகம் எவ்வளவு தூரம்? அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம்? முதிய தாய் ஏற முடியாத மாடிப்படியா? பள்ளியிலே எல்லாத் தெருக் குழந்தைகளும் கலந்து உட்காருகின்றனரா? 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கவேண்டும். அந்தக் குழந்தைகளைத் தனி வகுப்பில் அடைக்காத பள்ளியே நல்ல பள்ளி. ‘நல்ல’ இடம் என்பதன் இலக்கணம் இதுதான்.

நம்மவர் எத்தனை பேர் அங்கே என்ற கேள்வியை மட்டும் கேட்டுவிடாதே! கிராமத்துத் தெருவை மூட்டை கட்டி நகரத்துக்குத் தூக்கி வருவதற்கா இத்தனை படிப்பு?

வீடு வைத்திருக்கும் தோழர்களுக்கும் ஒரு சொல். மேடையிலே சாதி ஒழிப்பு, மாடி வீட்டுக்குச் சைவக் குடித்தனம் என்பது எந்த ஊர்க் கொள்கை? ‘ஊர் கேட்க மாட்டோம், உணவு கேட்க மாட்டோம், வாடகை மட்டும் கேட்போம்’ என்று உங்கள் வாயிலில் அட்டை தொங்கட்டும். நூறு பொதுக்கூட்டம் செய்யாததை அந்த ஓர் அட்டை செய்யும். கூடவே, வாடகைச் சட்டத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்கும்வரை தொகுதி உறுப்பினரின் கதவைத் தட்டுங்கள். ‘பிறகு’ என்று அவர் சொன்னால், மறுநாளும் தட்டுங்கள்!

நண்பருக்கு இறுதியில் வீடு கிடைத்தது. தெற்குப் பார்த்த வாசல், மேட்டு நிலம், வெள்ளம் வந்த இரு ஆண்டும் வாசற்படி நனையாத தெரு. வீட்டுக்கார அம்மையார் கேட்டது ஒரே கேள்வி: “பிள்ளைகள் எந்த வகுப்பு?” மகள் எட்டாம் வகுப்பு என்று சொன்னார். “என் பேத்தியும் எட்டுதான், சேர்ந்து போகலாம்” என்றார் அந்த அம்மையார்.

‘எந்தத் தெரு’ என்று கேட்டவர் முப்பது பேர்; ‘எந்த வகுப்பு’ என்று கேட்டவர் ஒருவர். அந்த ஒருவரை முப்பதாக்குவதும், முப்பதை ஒன்றுமில்லாமற் செய்வதும் நம் கையிலேதான் இருக்கிறது.