மாலை போட்டால் தீர்ந்ததா?

"ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போடுகிறோம், சமத்துவ நாள் உறுதிமொழி எடுக்கிறோம். தறி ஓட்டிப் பிழைக்கிற ஊரில் அம்பேத்கருக்கு இதற்கு மேல் என்ன செய்வது?" குமாரபாளையத்தில் பலரும் இப்படி நினைக்கிறார்கள். 2022 முதல் தமிழக அரசு அந்த நாளைச் சமத்துவ நாளாகக் கடைப்பிடிப்பது நல்லதே. ஆனால் அதோடு கடமை முடிந்தது என்பதற்குச் சொல்லும் நான்கு காரணங்களும் நிற்காதவை.

முதல் காரணம்: "அவர் ஒரு சாதிக்குத் தலைவர்." வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலையை 48 ஆகக் குறைக்கும் மசோதாவை 1946-இல் கொண்டுவந்தவர், அன்று தொழிலாளர் துறையைக் கவனித்த அம்பேத்கர். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் தறி ஓட்டி ஓவர்டைம் கேட்கிறவர் எந்தச் சாதியானாலும் அம்பேத்கருக்குக் கடன்பட்டவரே. அன்றைய பம்பாய் ஆலைகளில் நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோர்ப்பார்கள்; எச்சில் பட்டுவிடும் என்று தலித்துகளைத் தறிப்பகுதியில் சேர்க்கவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது அந்த விலக்கை எதிர்த்துப் பேசியவர் அவர். தறிக்காரருக்கு இவ்வளவு நெருக்கமான தேசியத் தலைவர் வேறு யார்?

இரண்டாவது: "முன்பணம் தொழிலாளர்களே விரும்பி வாங்குவது, அதில் என்ன கொத்தடிமை?" குமாரபாளையம், பள்ளிபாளையம் வட்டாரத்தில் பட்டறை வேலையே முன்பணத்தில்தான் தொடங்குகிறது. கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வாங்கியது கூலியில் கழிந்து தீராமல் நிற்கும். "பாக்கியைக் கட்டிட்டுப் போ" என்றால் ஆள் நகர முடியாது. 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் வரையறையில், அடிமாட்டுக் கூலி மட்டுமல்ல, முன்பணத்துக்காக வேறிடத்தில் வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழப்பதும் அடங்கும். அப்படிப்பட்ட கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்கிறது அதே சட்டம். கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் அரசமைப்பின் 23-ஆம் பிரிவே இதற்கு வேர். நூல் விலைக்கும் கூலி நெசவுக்கும் நடுவில் சிறு பட்டறைக்காரரும் நசுங்குகிறார், உண்மை. அந்தச் சுமையைக் கடைசி ஆள் மேல் இறக்குவது நியாயம் ஆகாது.

மூன்றாவது: "இந்தக் காலத்தில் தீண்டாமை எங்கே இருக்கிறது?" வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று வரும் கேள்வியில் இருக்கிறது. பதிலைக் கேட்டதும், காலியாக இருந்த வீட்டுக்குத் திடீரென்று ஆள் வந்துவிடுகிறது.

நான்காவது: "இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டியது." மகாராஷ்டிரத்தின் மகாத் ஊர்க் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிடும் நகராட்சித் தீர்மானம் 1924-லேயே இருந்தது, ஆனாலும் தலித்துகளால் அங்கே தண்ணீர் எடுக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரோடு திரண்டுபோன மக்கள் அள்ளிக் குடித்தபோதுதான் அந்தத் தீர்மானம் முதன்முதலாகச் செயலுக்கு வந்தது. சட்டம் தானாக நடக்காது.

ஆகவே, மாலை போடுங்கள். மறுநாள் வேலையையும் தொடங்குங்கள். பட்டறை நடத்துகிறவர் முன்பணக் கணக்கை எழுதி, ஒரு நகலைத் தொழிலாளியிடம் கொடுங்கள். போக விரும்புகிறவரை விடுங்கள். வீட்டுக்காரர் சாதி கேட்காமல் சாவியைக் கொடுங்கள். யாரையாவது கடனுக்காகப் பிடித்துவைத்திருப்பது தெரிந்தால் ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ மனு கொடுங்கள். இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாதவருக்கு அந்தச் சிலைக்கு மாலை போடும் தகுதி இல்லை.