கப்பல் நம்முடையது, யந்திரம் யாருடையது?

2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி ருஷ்யாவிலுள்ள காலினின்கிராட் துறைமுகத்தில் 'தமால்' என்னும் யுத்தக் கப்பல் நமது கப்பற்படையில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அந்நிய தேசத்துப் பட்டறையில் கட்டுவித்து நாம் பெற்றுக்கொள்ளும் யுத்தக் கப்பல்களில் இதுவே கடைசியானது என்று சர்க்கார் தரப்பில் தெரிவிக்கப்பட்டது. தேசாபிமானமுள்ள எவருக்கும் இச்செய்தி மகிழ்ச்சி தருவதேயாகும். நாமும் மகிழ்கிறோம். ஆனால் பொதுஜன அபிப்பிராயத்தை உருவாக்கும் கடமை பூண்டவர்கள் கைதட்டுவதோடு நின்றுவிடலாகாது. அந்தக் கப்பல் எவ்வாறு உருவாயிற்று என்பதையும் சற்று விசாரித்தறிவது அவசியம்.

'தமால்' கப்பலும், அதற்குச் சுமார் ஏழு மாதங்களுக்கு முன் வந்த 'துஷில்' கப்பலும் நமக்கென்று ஆரம்பிக்கப்பட்டவையல்ல. ருஷ்யா தன் சொந்தக் கப்பற்படைக்காகவே அவற்றைக் கட்டத் தொடங்கிற்று. அவற்றை ஓட்டுவதற்குரிய வாயு டர்பைன்களோ உக்ரேன் தேசத்து மிகோலாயிவ் நகரில் செய்யப்படுபவை. 2014-இல் ருஷ்யா கிரைமியாவைக் கைப்பற்றியதும், உக்ரேன் யந்திரம் தர மறுத்துவிட்டது. கப்பற்கூடுகள் பட்டறையிலே வெறுமனே கிடந்தன. 2018-இல் நாம் அவற்றுக்கு விலை பேசினோம். டர்பைன்களை உக்ரேனிடம் நாமே வாங்கி ருஷ்யாவினிடம் ஒப்புவித்துப் பொருத்தச் செய்தோம். 2022 பிப்ரவரியில் அவ்விரு தேசங்களுக்குமிடையே பெரும் போரே மூண்டது. ஒன்றோடொன்று பொருதும் இரு தேசங்களின் கைவேலையும் ஒரே கப்பலுக்குள் கூடியிருக்கும் விந்தையை இன்று நாம் காண்கிறோம். அந்த யந்திரம் பழுதுபட்டால் யார் வாசலில் போய் நிற்பது என்பது சாதாரணக் கேள்வியன்று.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. கப்பலின் கூட்டைக் கட்டுகிறவன் பாதி எஜமானனே. அதன் யந்திரத்தைச் செய்யத் தெரிந்தவனே முழு எஜமானன். ருஷ்யா போன்ற வல்லரசே யந்திரமின்றி ஸ்தம்பித்து நின்றதென்றால், நமது கதி என்னவென்று சொல்ல வேண்டுவதில்லை. நியாயஸ்தலப் பாஷையில் கூறுவதானால், பத்திரம் நம் பெயரில் இருக்கிறது. அநுபோகம் பிறர் தயவில் இருக்கிறது. நமது கப்பற்படையின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு விவகாரத்தின் சரித்திரமே என்பது நமது துணிபு.

கப்பல் கட்டும் வித்தை நமக்குப் புதிதன்று. 1736-இல் லௌஜி நஸர்வான்ஜி வாடியா என்ற பார்ஸி தச்சர் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்தார். அவரும் அவர் சந்ததியாரும் பம்பாய்ப் பட்டறையில் தேக்குமரத்தால் கட்டிய கப்பல்களைப் பிரிட்டிஷ் கப்பற்படையே விரும்பி ஏற்றுக்கொண்டது. 1842-இல் சீன தேசத்தைப் பணியவைத்த நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தான 'கார்ன்வாலிஸ்' கப்பல் பம்பாயில் கட்டப்பட்டதே. 1817-இல் அங்கே நீரில் இறக்கப்பட்ட 'திரிகோணமலை' என்ற கப்பல், 200 வருஷங்களுக்குப் பின்னும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. நமது தச்சர்களின் கைத்திறனுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

ஆனால் காற்றுக்குப் பதிலாக நீராவி வந்ததும் நிலைமை தலைகீழாக மாறிற்று. 1829-இல் பம்பாயில் 'ஹ்யூ லிண்ட்சே' என்ற நீராவிக் கப்பல் கட்டப்பட்டது. கூடு நமது பட்டறையில் உருவாயிற்று. யந்திரமோ லண்டனிலிருந்து வந்தது. அடுத்த வருஷம் அது பம்பாயிலிருந்து சூயஸுக்குச் சென்றதைக் கண்டு எல்லோரும் வியந்தனர். யந்திரம் செய்யும் வித்தை மட்டும் நமக்குக் கற்பிக்கப்படவில்லை. அடிமைத் தேசத்துக்கு அதைக் கற்பிக்க எந்த எஜமானன்தான் முன்வருவான்? கூடு நம்முடையது, யந்திரம் பிறருடையது என்ற கதை அன்று தொடங்கியதே.

நம் நாட்டு வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோதும் இதே இடர்ப்பாடு எதிர்ப்பட்டது. அவர் தருவித்த 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்களும் ஐரோப்பாவிலிருந்து வாங்கப்பட்டவை. 1908-இல் அவர் சிறை சென்றார். கம்பெனியும் சில வருஷங்களில் கலைந்தது. அவை யுத்தக் கப்பல்கள் அல்லவெனினும், கடலில் சுதந்திரம் வேண்டுபவனுக்குக் கப்பல் பட்டறையும் வேண்டும் என்ற பாடத்தை அவை விட்டுச்சென்றன.

அந்நியர் ஆட்சியில் நம்மவர் சேவை செய்த 'ராயல் இந்தியக் கப்பற்படை' 1934-இல் அப்பெயர் பெற்றது. அதன் மாலுமிகள் கோழைகளல்லர். 1942 நவம்பரில் 'பெங்கால்' என்னும் சிறு கப்பல், தன்னைவிடப் பன்மடங்கு பெரிய இரண்டு ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்து நின்றது. அவற்றில் ஒன்று மூழ்கிற்று. அப்படிப்பட்ட மாலுமிகளே 1946 பிப்ரவரி 18-ந் தேதி பம்பாயில் 'தல்வார்' என்ற பயிற்சி நிலையத்தில் கெட்ட உணவையும் இனத்துவேஷ வசைகளையும் பொறாது வேலை நிறுத்தம் செய்தனர். சில தினங்களுக்குள் 78 கப்பல்களும் சுமார் 20,000 மாலுமிகளும் அதில் சேர்ந்தனர். கப்பற்படையே அழிந்துபோவதானாலும் கலகத்தை அடக்குவோமென்று தளபதி காட்ஃப்ரே ரேடியோவில் மிரட்டினார். படேலின் யோசனையை ஏற்று 23-ந் தேதி மாலுமிகள் பணிந்தனர். ஆயினும் அந்தப் படையை இனி நம்ப முடியாதென்பதைப் பிரிட்டிஷார் அறிந்துகொண்டனர். மனிதர்களின் உள்ளம் அன்றே சுதந்திரம் பெற்றுவிட்டது. சுதந்திரம் பெறாதவை கப்பல்களே.

1947-இல் தேசம் பிரிக்கப்பட்டபோது கப்பல்களும் பங்கிடப்பட்டன. ஸ்லூப் என்னும் ரகக் கப்பல்களில் 'ஸட்லெஜ்', 'ஜமுனா', 'கிருஷ்ணா', 'காவேரி' ஆகிய நான்கும் நமக்கு வந்தன. 'நர்பதா'வும் 'கோதாவரி'யும் பாகிஸ்தானுக்குப் போயின. பெயர்கள் நமது நதிகளுடையவை; கப்பல்கள் பிரிட்டிஷ் பட்டறைகளில் பிறந்தவை. பிறகு வந்தவையும் அவ்விதமே. 1948-இல் 'டில்லி'யாக வந்த குரூஸர், 1939-இல் 'கிராஃப் ஸ்பே' என்ற ஜெர்மன் கப்பலோடு போரிட்ட 'அகிலீஸ்'. 1957-இல் வந்த 'மைசூர்', பழைய 'நைஜீரியா'. 1961-இல் பெல்பாஸ்டில் நமது கொடியேற்றிய முதல் 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பல், 1945-இல் நீரில் இறக்கப்பட்டுப் போர் முடிந்ததால் அரைகுறையாக விடப்பட்ட 'ஹெர்குலிஸ்'. 1950 ஜனவரி 26-ந் தேதி 'ராயல்' என்ற அடைமொழி ஒழிந்தது. எனினும் படைத் தலைமை 1958 வரையில் ஆங்கிலேயரிடமே இருந்தது. அவ்வருஷம் ஏப்ரலில் அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் ராம்தாஸ் கடாரி, நமது செங்கற்பட்டில் பிறந்தவர் என்பதை இங்கே குறிப்பிடுவது தகும்.

பழங்கப்பல்களை வாங்கியது பிழையென்று நாம் கூறவில்லை. கையில் ஒன்றுமில்லாதவன் கிடைத்ததை வாங்கத்தான் வேண்டும். ஸோவியத் பட்டறையில் கட்டி 1967-இல் வந்த 'கல்வாரி'யே நமது முதல் நீர்மூழ்கி. 1971 டிசம்பர் 4-ந் தேதி இரவு 'நிபாத்', 'நிர்காத்', 'வீர்' என்ற மூன்று சிறு ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கிய வெற்றியை இன்றும் கப்பற்படை தினமாகக் கொண்டாடுகிறோம். படகுகளும் ஏவுகணைகளும் ஸோவியத் ருஷ்யாவினுடையவை. கரையோரக் காவலுக்கென்று செய்யப்பட்டவற்றை எதிரியின் துறைமுகம்வரை கொண்டுசென்ற யுக்தி நம்மவருடையது. ஆனால் அதே யுத்தத்தில் நடந்த வேறிரு நிகழ்ச்சிகளையும் மறக்கலாகாது. கொதிகலம் ஒன்று பழுதாகி முழு வேகத்தில் ஓட இயலாத நிலையில்தான் 'விக்ராந்த்' வங்கக் கடலில் போர் புரிந்தது. டிசம்பர் 9-ந் தேதி பிரிட்டனில் கட்டிய 'குக்ரி' நீர்மூழ்கியால் தாக்குண்டு மூழ்கிற்று. காப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கடலுக்கு இரையாயினர்; அவர் கப்பலை விட்டு நீங்க மறுத்து அதனோடு மறைந்தார். வீரத்துக்குக் குறைவில்லை. வீரனுக்குத் தக்க கருவியை நாமே கொடுக்க வல்லோமா என்பதே கேள்வி.

அக்கேள்விக்கு விடையளிக்கும் முயற்சியும் அக்காலத்திலேயே தொடங்கிற்று. 1960-இல் பம்பாய் மஸகான் பட்டறையும் கல்கத்தா கார்டன் ரீச் பட்டறையும் சர்க்கார் வசமாயின. 1972 ஜூனில் மஸகானில் கட்டிய 'நீலகிரி' படையில் சேர்ந்தது. அதன் வரைபடம் பிரிட்டிஷாருடையது. 1983-இல் வந்த 'கோதாவரி'யின் வரைபடம் நமது நிபுணர்களுடையது. 2009-இல் விசாகப்பட்டினத்தில் அணுசக்தி நீர்மூழ்கி 'அரிஹந்த்' நீரில் இறக்கப்பட்டது. 2025 ஜனவரி 15-ந் தேதி பழைய பெயரைத் தாங்கிய புதிய 'நீலகிரி' வந்தது. அதே வருஷம் ஜூனில் வந்த 'அர்னாலா'வைக் கட்டியதில் சென்னைக்கருகிலுள்ள கட்டுப்பள்ளித் தொழிலாளருக்கும் பங்குண்டு. பட்டறையில் நாம் தேறிவிட்டோம் என்பதில் ஐயமில்லை.

தேறாதவன் கொடுக்கும் அபராதம் எத்தகையது என்பதற்கு 'விக்ரமாதித்யா'வே உதாரணம். ருஷ்யாவின் பழைய விமானந்தாங்கிக் கப்பலைச் சீர்செய்து தர 2004-இல் 97 கோடி டாலருக்கு ஒப்பந்தமாயிற்று. 2008-இல் வரவேண்டிய கப்பல் 2013-இல் வந்தது. விலை 230 கோடி டாலருக்கு மேற்பட்டது. 2012-இல் ஓட்டிப் பார்த்தபோது எட்டுக் கொதிகலங்களில் ஏழு பழுதாயின. ஒப்பந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய முடிந்தது? கேட்ட பணத்தைக் கொடுத்தோம், காத்திருந்தோம்.

இனி 2022 செப்டம்பர் 2-ந் தேதியைக் கவனிப்போம். கொச்சியில் சுமார் 20,000 கோடி ரூபாய்ச் செலவில் கட்டிய புதிய 'விக்ராந்த்' அன்று படையில் சேர்ந்தது. அதே தினத்தில் கப்பற்படைக் கொடியிலிருந்த செயின்ட் ஜார்ஜ் சிலுவை நீக்கப்பட்டு, சிவாஜியின் முத்திரையை ஒட்டிய சின்னம் இடம்பெற்றது. இரண்டையும் ஜனங்கள் கொண்டாடினர். நமது பார்வையில் அவ்விரண்டையும்விடப் பெரியது கப்பலின் எஃகு. வெளியிலிருந்து எஃகு வருவதில் தடங்கல் ஏற்பட்டபோது, ஹைதராபாத்தின் உலோக ஆராய்ச்சிசாலையும் சர்க்கார் உருக்காலைகளும் கூடி அத்தகைய எஃகை இங்கேயே உருவாக்கின. கொடியை மாற்ற ஒரு நாள் போதும்; எஃகை உருவாக்கப் பல வருஷ உழைப்பு வேண்டும். கொடி மாற்றம் சுதந்திரத்தின் அடையாளம். எஃகோ சுதந்திரத்தின் உடல்.

ஆனால் அந்த 'விக்ராந்த்' கப்பலை ஓட்டுபவை எவை? நான்கு அமெரிக்க டர்பைன்கள். பெங்களூரில் அவை பூட்டப்பட்டன என்பது உண்மையே; வித்தை அமெரிக்காவினுடையது. அதன் மேல்தளத்திலிருந்து பறப்பவை ருஷ்ய விமானங்கள். புதிய 'நீலகிரி'யிலும் அமெரிக்க டர்பைனே. 'டில்லி', 'கொல்கத்தா', 'விசாகப்பட்டினம்' வரிசை நாசக் கப்பல்களிலோ உக்ரேனிய டர்பைன். 'விக்ராந்த்' 100-க்கு 76 பங்கு சுதேசியென்று சர்க்கார் கூறும்போது, எஞ்சிய 24 பங்கில் அடங்கியிருப்பது எதுவென்று கேட்பது பிரஜைகளின் உரிமை. உடலில் இருதயத்தின் எடை அற்பமே. அதை எடையிட்டு யாரும் மதிப்பதில்லை.

எல்லாத் தேசங்களும் ஏதேனும் ஒன்றைப் பிறரிடம் வாங்குகின்றன. எல்லாவற்றையும் நாமே செய்ய முயல்வது வீண் செலவு என்று சிலர் வாதிப்பர். இவ்வாதத்தில் ஓரளவு நியாயமுண்டு. ஆனால் செய்யத் தெரிந்தவன் வசதிக்காக வாங்குவது வேறு. செய்யத் தெரியாதவன் வேறு வழியின்றி வாங்குவது வேறு. முன்னவனுக்கு விலையில் பேரம் உண்டு. பின்னவனுக்கு நிபந்தனைதான் உண்டு. சீனாவைப் பாருங்கள். 1990-களில் அதே உக்ரேனிய டர்பைனை வாங்கியபோது, அதைச் செய்யும் வித்தையையும் சேர்த்து விலைக்கு வாங்கிற்று. இன்று அதன் நாசக் கப்பல்கள் தன் தேசத்தில் செய்த டர்பைன்களால் ஓடுகின்றன. நாம் யந்திரத்தை வாங்கினோம். அவர்கள் வித்தையை வாங்கினார்கள்.

நம்மிடம் முயற்சியே இல்லையென்று கூறலாகாது. போர் விமானத்துக்கென்று பெங்களூரில் தொடங்கிய 'காவேரி' யந்திரத்திலிருந்து கப்பலுக்குரிய வகை ஒன்றும் செய்யப்பட்டு, விசாகப்பட்டினத்தில் சோதிக்கப்பட்டது. ஆனால் ஒரு யுத்தக் கப்பலை ஓட்டும் பாக்கியம் அதற்குக் கிட்டவில்லை. முதல் யந்திரம் குறையுள்ளதாகத்தான் இருக்கும். அதைச் சிறு கப்பலில் பூட்டிக் கடலில் ஓட்டிக் குறைகளைக் களைந்தாலன்றி இரண்டாவது யந்திரம் பிறவாது. குழந்தை விழுமென்று அஞ்சி நடக்கவே விடாத தாய், அதை முடமாக்குகிறாள்.

ஆகவே மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். கப்பல் யந்திர நிர்மாணத்துக்கென்று, மந்திரிகள் மாறினாலும் மாறாத நீண்டகால நிதி ஒதுக்கப்பட வேண்டும். சுதேசி யந்திரத்தைச் சிறு கப்பல்களிலேனும் பூட்டியே தீருவது என்று கப்பற்படை உறுதிகொள்ள வேண்டும். இனி வெளியாரிடம் செய்யும் ஒவ்வொரு யந்திர ஒப்பந்தத்திலும் வித்தை கைமாறுகிறதா என்பதைப் பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் கேட்க வேண்டும். புதிய கப்பலுக்கு மாலை சூட்டும் வைபவங்களில் இக்கேள்வி எழுவதில்லை. அதனாலேயே ஊழியர்களும் வாசகர்களும் பொதுக்கூட்டங்களில் இதை எழுப்பக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

1829-இல் பம்பாயில் கூடு கட்டி லண்டன் யந்திரத்துக்காகக் காத்திருந்தோம். அன்று நாம் அடிமைகள். அதற்குச் சமாதானம் இருந்தது. இன்று ஆள்வோர் நாமே. சொல்வதற்குச் சமாதானம் எதுவுமில்லை. 'தமால்' அந்நியப் பட்டறையின் கடைசிக் கப்பல் என்ற அறிவிப்பை வரவேற்கிறோம். அந்நிய யந்திரத்தால் ஓடும் கடைசிக் கப்பல் எது என்று சர்க்கார் அறிவிக்கும் நாளையே, நமது கப்பற்படை பூரண சுதந்திரம் பெற்ற நாளாகக் கொள்வோம்.