பழைய இரும்பு அன்று

உடுப்பிட்டி இளைஞர்கள் விடுமுறை நாட்களில் நெல்லியடி, துன்னாலை வழியே கிழக்கு நோக்கி மோட்டார் சைக்கிள்களிற் செல்வதுண்டு. அவர்கள் சென்றடையும் இடம் மணற்காடு. குடாநாட்டிற் பாலைநிலம் என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டெனில் அது அந்த மணற்குன்றுகளே. மணலிற் புதையுண்ட பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிந்த சுவரருகே நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புவர். அவர்களுள் ஒருவன், சகாராவில் வீழ்ந்து கிடக்கும் போர் விமானங்களை நாடி மேலைநாட்டார் நடந்து செல்வதைப் பற்றிப் படித்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் வீழ்ந்த விமானங்கள் எங்கே என்று வீட்டுப் பெரியவரைக் கேட்பானாயின், பெறக்கூடிய விடை இதுவே: "உதெல்லாம் பழைய இரும்பு, தம்பி. உனக்கேன் உந்த வேலை?"

இவ்விடை கற்றோர் வாயிலிருந்தும் வருவதே வருத்தத்துக்குரியது. புண்ணைக் கிளறலாகாது என்பர் ஒரு சாரார். இறந்தார் கிடந்த இடத்தை உல்லாசப் பயணிகளின் காலடிக்கு விடலாமோ என்பர் மற்றொரு சாரார். முன்னவர் மறதிக்கு மருந்து என்று பெயரிடுகின்றனர். பின்னவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயின் அது யார் இறந்தார் என்று அறியாமல் நடப்பவனையே சாரும்.

1943 ஏப்பிரல் 4ஆந் திகதி, பெங்காசிக்கு அண்மையிலுள்ள சொலுக் தளத்திலிருந்து நேப்பிள்ஸ் நகர்மீது குண்டு வீசப் புறப்பட்டது 'லேடி பீ குட்' என்னும் அமெரிக்க விமானம். திரும்புகையில் இரவிலே தளத்தைக் கடந்து லிபியப் பாலைவனத்தினுள் நெடுந்தொலைவு பறந்துவிட்டது. எரிபொருள் தீரும் வேளை ஒன்பது வீரரும் பரசூட்டிற் குதித்தனர். ஒருவரின் பரசூட் சரிவர விரியவில்லை. எஞ்சிய எண்மரும் மிகச் சிறிதளவு நீருடன் வடக்கு நோக்கி நடந்தனர். ஆளற்ற விமானமோ அவர்களுக்குத் தெற்கே தரையிற் சறுக்கி, பெருமளவு சிதையாமற் கிடந்தது. அதனுள் குடிநீர் இருந்தது, உணவு இருந்தது, வேலைசெய்யும் வானொலிக் கருவியும் இருந்தது. அவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்தமைக்குத் துணை விமானியின் நாட்குறிப்பே சான்று. எண்ணெய் தேடியோர் 1958இல் விமானத்தைக் கண்டனர். 1960இல் ஒன்பதின்மருள் எண்மரின் எச்சங்கள் கிடைத்தன. ஒருவர் கிடைக்கவேயில்லை.

இதனை அறிந்து அம்மணலில் நடப்பவனுக்குத் தான் எந்தத் திசையில் நடக்கிறான் என்பதே நெஞ்சை அழுத்தும். அறியாது சென்றோரோ கருவிகளையும் தகடுகளையும் நினைவுப் பொருளென்று கழற்றிச் சென்றனர். எஞ்சியதை 1994இல் தோப்ருக்குக்கு எடுத்துச்செல்ல நேர்ந்தது. இத்தகைய கையாடலை அஞ்சியே பிரித்தானியா 1986இல் சட்டம் இயற்றி, வீழ்ந்த போர் விமானங்களை அனுமதியின்றித் தொடுவதைக் குற்றமாக்கியது. தொடுவதைத் தடுத்ததேயன்றி நினைப்பதைத் தடுக்கவில்லை.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1992 யூலை 5இல் இயக்கச்சியில் வான்படையின் வை-8 விமானம் வீழ்ந்தது. 1995 ஏப்பிரல் 28, 29 ஆகிய இரு நாட்களிலும் பலாலியை அண்டி இரண்டு அவ்ரோ விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. மாண்டோர் ஏறத்தாழ நூறு பேர். பலாலி உடுப்பிட்டிக்குத் தொலைவன்று. தொண்டைமானாற்றுக்கு அப்பால் உள்ளது. அவ்விமானங்கள் வீழ்ந்த வளவுகளை இன்று வடமராட்சியில் எத்தனை பேர் காட்டக்கூடும்? மாண்டோருள் ஒருவரின் பெயரையேனும் எத்தனை பேர் சொல்லக்கூடும்?

அவர்கள் எதிரிப் படையினர் அல்லரோ என்ற வினா உடனே எழும். எழட்டும். 1987 மே மாதத்தில் வடமராட்சி மீது குண்டு பொழிந்தது அவ்வான்படையே. அதனை எவரும் மறக்க வேண்டுவதில்லை. ஆயினும் எள்ளங்குளத்திலும் கோப்பாயிலும் மாவீரர் கல்லறைகள் இயந்திரங்கொண்டு தரைமட்டமாக்கப்பட்டபோது இம்மக்கள் அழுதது எதன்பொருட்டு? இறந்தவன் எப்பக்கத்தவனாயினும் அவன் கிடந்த மண்ணுக்கு ஒரு பெயர் உண்டு என்பதன்பொருட்டு அன்றோ? தம்மவர் கல்லறைக்கு மட்டும் அந்நியாயத்தைக் கோருவோர், தரைமட்டமாக்கியவரின் நியாயத்தையே மறுபுறம் திருப்பிப் பேசுகின்றனர்.

2009இன் பின் தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்தோரையும் இங்கு விட்டுவிடலாகாது. கிளிநொச்சியிற் கவிழ்ந்து கிடந்த நீர்த்தாங்கியையும், 2013இல் தகர்க்கப்படும்வரை புதுக்குடியிருப்பு நிலக்கீழ் வீட்டையும் பார்த்துச் சென்றோர், சூழவிருந்த ஊர்களில் இறந்த பொதுமக்களைப் பற்றிக் கேட்டனரா? வெற்றி பார்க்க வந்தவன் கண்ணுக்கு இழப்புப் புலப்படாது. யாழ்ப்பாணத்து இளைஞனும் அவனைப்போலவே வீழ்ந்த விமானத்தைப் பார்க்கப் போவானாயின், போகாதிருத்தலே நன்று.

எல்லாவற்றினும் கொடியது 1998 செப்ரெம்பர் 29. பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் இரணைதீவுக் கடலில் வீழ்ந்து 55 பேரும் மாண்டனர். பயணிகள் பெரும்பாலும் தமிழர். சிதைவு 2012இலேயே கண்டெடுக்கப்பட்டது. கடலிலிருந்து எடுத்த உடைகளை 2014 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திற் பரப்பி வைத்தபோது, உறவினர் வந்து ஒவ்வொரு துணியாகப் பார்த்தனர். பதினைந்து ஆண்டு உப்புநீரிற் கிடந்த சட்டையை அடையாளங் காணத் தேடிய தாயிடம் போய் எவரும் 'பழைய இரும்பு' என்று சொல்வாரா?

கண்ணிவெடி இன்னும் அகற்றப்படாத நிலம் உண்டு, அங்கே போகலாகாது. தனியார் தோட்டத்துள் வீழ்ந்தவற்றுக்கு உடைமையாளரின் இசைவு வேண்டும். இவற்றை விலக்கி, ஏனைய இடங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கல் நடப்படல் வேண்டும்: திகதியும், மாண்டோர் அனைவரின் பெயர்களும், மூன்று மொழிகளிலும். இரணைதீவுக் கரையிலும் ஒன்று. கல்லை அடைய ஓர் ஒற்றையடிப் பாதை போதும். பேருந்துத் தரிப்பிடமும் தேநீர்க்கடையும் அங்கு வேண்டா.